பூரண் வைக்காத கற்கள்

சனிக்கிழமை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு பர்வதமலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் கூட்டம் ஒன்று ஆரணியில் இருக்கிறது. அவர்கள் ஆண்டு மலர் போடப் போகிறார்களாம். இமயமலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவன் இந்த ஊரில் இருக்கிறான் என்று யாரோ சொல்லி, என் வீட்டுக்கு வந்தார்கள்.

“சார், பனிமலைக்கு எப்டிப் போறது, எங்க தங்கறது, இன்னா ஷூ வாங்கறது, இந்த மாதிரி ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. சோகமா எதுவும் வேணாம் சார்” என்றான் ஒருவன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவனாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி ஊரில் பேசுவது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஷூ பற்றிக் கடைக்காரன் சொல்வான். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். போட்டால் போடுங்கள், இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள்.

மலையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கே ரயிலுக்கு டிக்கெட் எடுப்பீர்கள். அடிவாரத்து ஊர்க்காரர்கள் வெள்ளைக் கொம்பு என்று பொருள் வரும்படி தங்கள் பேச்சில் அதை அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மாட்டின் ஒற்றைக் கொம்பு போல நுனி லேசாக வளைந்த சிகரம். தெற்கு முகம் கறுப்புப் பாறை, செங்குத்து என்பதால் பனி அதில் தங்காது. வடக்கு முகம் வருடம் முழுக்க வெள்ளை. ஏறுகிற வழி மேற்கிலிருந்து. பஸ் நிற்கும் ஊரில் ஆற்றின் மேல் மரப்பாலம். பாலம் தாண்டினால் தேவதாருக் காடு. புதிதாக வருகிறவன் முதலில் மூச்சு வாங்குவது இங்கேதான். உயரம் என்று நினைத்துப் பயப்படுவான். உயரம் இன்னும் தொடங்கியே இருக்காது, வெறும் ஏற்றம்தான். தேவதாரு குறைந்து, காகிதம் மாதிரி பட்டை உரியும் மரங்கள் வரும். அதுவும் முடிந்தால் அப்புறம் மரம் என்பதே கிடையாது. புல்வெளி. கோடையில் ஆட்டுக்காரர்கள் மந்தையோடு வந்து தங்குவார்கள். எங்கள் பயிற்சிக்கூடத்தின் கல் வீடு அங்கேதான் இருந்தது. மேலே போகிறவர்கள் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

புல்வெளிக்கு மேலே, பனியாறு எந்தக் காலத்திலோ தள்ளிக்கொண்டு வந்து விட்டுப்போன கல்லும் மண்ணும் சேர்ந்த நீண்ட மேடு. அதன் முதுகில் ஒற்றையடிப் பாதை. ஏரிக்கரை மேல் நடப்பது போல என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வேன். ஆனால் இந்தக் கரையில் கால் வைக்கும் ஒவ்வொரு கல்லும் ஆடும். மேடு முடியும் இடத்தில் அகலமாகி ஒரு தட்டையான இடம் வரும். பலகைக் கற்கள் சிதறிக் கிடக்கும். எல்லோரும் அங்கே உட்காருவார்கள். வலது பக்கம் இறங்கினால் பனியாறு. அதைக் குறுக்கே கடந்து ஏறினால் கணவாய். சாதாரண ஆட்கள் கணவாய் வரைதான். அதற்கு மேல் கொம்பு, அது கயிறும் பயிற்சியும் உள்ளவனுக்கு.

இந்தத் தட்டை இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிறவன் பனியாற்றிலிருந்து தட்டைக்கு ஏறியதும் இடது கைப்பக்கம் திரும்பி மேட்டின் முதுகைப் பிடிக்க வேண்டும். திரும்பாமல் நேரே நடந்தால் எதிர் விளிம்பு. தரை தட்டையாகவே போய்ச் சட்டென்று அறுந்துவிடும். கீழே குறுகலான பிளவு, அதன் அடியில் இறுகிப்போன பழைய பனி. வெயில் அடிக்கும் நாளில் குழந்தைக்குக்கூட வழி தெரியும். ஆனால் அந்த மலையில் மேகம் மேலேயிருந்து வராது. மதியத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து புகை மாதிரி ஏறி வரும். வந்துவிட்டால் நீட்டிய கை தெரியாது.

வேலூரில் படைக்கு ஆள் எடுத்தபோது ஓடிக் காட்டிச் சேர்ந்தவன் நான். சில வருடம் கழித்து அந்தப் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முதல் வருடம் முழுக்கத் தலைவலி, வாந்தி, இந்தியில் வசவு. பயிற்சி என்றால் அதுதான். வேலை கற்றது அதற்குப் பிறகு, நேகி சாபிடம். சாப் என்றால் நம் ஊர் சார்.

நேகி சாப் மீட்புக் குழுவுக்குத் தலைவர். அந்த மலைக்காரர். கத்தவே மாட்டார். நாம் போட்ட முடிச்சு தப்பாக இருந்தால் அதை அவிழ்த்து, கயிற்றை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். கையுறையோடு திரும்பப் போட வேண்டும். மறுபடி வருவார். மறுபடி அவிழ்ப்பார். சில நாள் சாப்பாடு ஆறிப்போகும். ஆட்களை எண்ணும்போது ஒவ்வொருவன் தோளிலும் கையை வைத்துத்தான் எண்ணுவார். கணவாயில் ஒரு தடவை, தட்டையில் ஒரு தடவை, கல் வீட்டு வாசலில் ஒரு தடவை. “எல்லாரும் இருக்கோம் சாப்” என்று நாம் சொன்னால் காதில் வாங்கமாட்டார். தோளைத் தொட்டால்தான் அவருக்கு ஆள்.

பனி உருகி வழி தெரிந்ததும் ஒவ்வொரு வருடமும் வழிக்குக் கல்குறி வைப்பது என் வேலை. என்னோடு வருகிறவன் பூரண். அடிவாரத்து ஊர்க்காரன், தினக்கூலி. கூலிக்காரன் என்று பெயர்தான், அந்த மலையில் அவன் குறி வைக்காத இடம் இல்லை. குறி வைப்பதற்கு முறை உண்டு. அடியில் மூன்று பெரிய கல், ஒன்றோடு ஒன்று தோள் முட்டுகிற மாதிரி. அவற்றின் மேல் கல் போட்டு முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உச்சியில் ஒரு தட்டைக் கல், இறங்கி வருகிறவன் கண்ணுக்குப் படும் பக்கத்தில் சுண்ணாம்பு. ஒரு குறியின் பக்கத்தில் நின்றால் முந்தைய குறியும் அடுத்த குறியும் தெரிய வேண்டும். வைத்து முடித்ததும் நேகி சாப் வந்து உச்சிக் கல்லை உதைப்பார். உருண்டால் அந்தக் குறி முழுவதையும் கலைத்து முதலிலிருந்து.

முதல் வருடம் நான் வைத்தது எல்லாம் உருண்டது. “மதராசி பாய், கல்லை இட்லி மாதிரி பிடிக்கிறாய். உன் ஊரில் மலையே கிடையாதா?” என்று பூரண் சிரிப்பான். பாய் என்றால் அங்கே அண்ணன்.

“பூரா மலைதான்டா. ஆனா எங்க மலையில படி இருக்கும்” என்பேன்.

“படியா? மலைக்குப் படி கட்டினீர்களா?” அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே கல் தூக்குவான்.

இப்படிப் பல வருடம். அப்புறம் பயிற்சிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு இயக்குநர் வந்தார். கணவாய் வரை யார் வேண்டுமானாலும் வரலாம், சுற்றுலாக் கம்பெனிகள் கூட்டி வரலாம் என்று திறந்து விட்டார். வழிகாட்டி என்ற பெயரில் கம்பெனிகள் அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மலை எங்களிடம் கேட்டால்தான் தெரியும். நேகி சாப் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இயக்குநர் அறைக்குள் போனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், தலையாட்டுவார், வெளியே வருவார். அவர் கூச்சம் அது என்று அப்போது நினைத்தேன்.

அப்படித் திறந்துவிட்ட பிறகுதான் நம் ஊர்க் கூட்டம் வந்தது.

கல் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். கீழேயிருந்து, “இன்னாபா இன்னும் ஏறிகினே கீது, முடியவே முடியாதா?” என்று ஒரு குரல். பல வருடம் ஆகியிருந்தது அந்தப் பேச்சைக் கேட்டு. ஓடிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன். ஆரணி, சேத்துப்பட்டு, தேசூர் ஆட்கள். கூட்டி வந்தவன் கமலக்கண்ணன், ஆரணியில் பட்டுப் புடவைக் கடை. அவன் தங்கை சுகந்தி, தங்கை புருஷன் சுரேஷ், மற்றவர்கள் நண்பர்கள். நான் ஆரணி என்றதும் கமலக்கண்ணன் கட்டிப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அவர்கள் கொண்டுவந்த முறுக்கும் எள்ளுருண்டையும் தின்றேன். சுரேஷ் வெகுளியான ஆள், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். “மச்சான் எங்கள பர்வதமல மாதிரிதான்னு சொல்லி இட்டாந்துட்டாரு சார். இங்க வந்து பாத்தா ஒரு சுக்குக் காப்பிக் கடகூட இல்ல” என்றான்.

மறுநாள் காலை கிளம்பும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, தமிழிலேயே சொன்னேன். சுண்ணாம்பு அடித்த குறியை மட்டும் பாருங்கள். முன்னால் போகிறவனும் கடைசியில் வருகிறவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாருங்கள். மதியத்துக்குள் கணவாயை விட்டு இறங்கிவிடுங்கள். வழியில் கிடக்கும் கல்லை எடுத்து எங்கேயும் அடுக்காதீர்கள்.

“கல்லுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா சார்?” என்றான் கமலக்கண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

நம் பக்கத்தில் மலைக்குப் போகிறவர்கள் வழியில் கல் அடுக்குவார்கள். உங்களுக்கே தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாகச் சிறு கல் அடுக்கினால் சொந்த வீடு அமையும் என்று நம்பிக்கை. இன்னொரு கல் வைத்தால் மாடி. திருப்பதி போகும் வழியில் பார்த்திருப்பீர்கள், பர்வதமலையிலும் பார்த்திருப்பீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை. படி கட்டிய மலையில் யார் எத்தனை கல் அடுக்கினால் என்ன? படி எங்கேயும் போகாது. ஆனால் வெள்ளைக் கொம்பில் கல்தான் படி. அதனால்தான் சொன்னேன்.

அவர்கள் போகும்போது தட்டையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறார்கள். பலகைக் கல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. யாரோ ஒருவர் ஆரம்பித்திருக்கிறார். போட்டோவில் பின்னால் சிகரம் விழ வேண்டும் என்று ஒவ்வொருவரும் முந்தையவரைத் தாண்டிப் போய் அடுக்கியிருக்கிறார்கள். கடைசியில் தட்டையின் குறுக்கே, பனியாற்றுப் பக்கத்திலிருந்து எதிர் விளிம்பு வரை வரிசையாக வீடுகள்.

கணவாயிலிருந்து கிளம்பத் தாமதம். மேகம் ஏறிவிட்டது, கூடவே பனித்தூறல். கம்பெனி வழிகாட்டி முன்னால் போனவர்களோடு வேகமாக இறங்கிவிட்டான். பின்னால் வந்தவர்கள், தட்டையில் மேகம் ஒரு நிமிடம் விலகியதில் வழியைப் பிடித்து, பின்னாலேயே வந்தார்கள். கல் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவன் தோளாகத் தொட்டுக்கொண்டு வந்த நேகி சாப், சுகந்தி பக்கத்தில் நின்றுவிட்டார்.

“இவள் வீட்டுக்காரன் எங்கே?”

“அவரு முன்னாடி வந்துட்டாருன்னு நெனச்சேன்” என்றாள் சுகந்தி.

“பின்னாடி உன்கூட வரான்னு நான் நெனச்சேன்” என்றான் அண்ணன்.

கமலக்கண்ணன் உடனே மேலே ஓடப் பார்த்தான். நேகி சாப் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். எல்லோரையும் உட்கார வைத்தார். கடைசியாக எங்கே பார்த்தாய், என்ன நிறச் சட்டை, கையில் கோல் இருந்ததா, ஒவ்வொருவராகக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பூரண் கயிறு, பை மாதிரி ஆளை உள்ளே நுழைக்கிற படுக்கை, அடிபட்டவனைச் சுமக்கும் தூக்கு எல்லாவற்றையும் கட்டிவிட்டான். சுரேஷ் பனியாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டான் என்பது தெரிந்ததும் கிளம்பினோம். அந்தச் சில நிமிடம் உட்கார்ந்ததால்தான் நாங்கள் பனியாற்றில் தேடி அலையாமல் நேரே தட்டைக்குப் போனோம். அந்த வேலையில் நேகி சாபுக்கு இணையாக ஒருவனை நான் பார்த்ததில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

தட்டையில் முன்னால் போன பூரண் நின்றான். தூறல் ஒட்டி எல்லாக் கல்லும் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு எது, பனி எது என்று தெரியவில்லை. மேகத்துக்குள் ஒரு அடுக்கு. அதிலிருந்து பார்த்தால் அடுத்த அடுக்கு. அதிலிருந்து அடுத்தது. நாங்கள் குறி வைக்கும் அதே முறை, ஒன்றிலிருந்து ஒன்று தெரிகிறது. பூரண் குனிந்து ஒரு அடுக்கைத் தொட்டுப் பார்த்தான்.

“இது நம்முடையது இல்லை. அடியில் ஒரே ஒரு கல். யார் வைத்தது?”

எனக்குத் தெரிந்துவிட்டது. “எங்க ஊர்க்காரங்க” என்றேன். வரிசை பிடித்து நடந்தோம். கடைசி அடுக்குக்கு அப்பால் விளிம்பில் கல் பெயர்ந்த தடம்.

பெரிய பாறை ஒன்றில் இரண்டு கயிறு கட்டினோம். விளிம்பில் கயிறு அறுபடாமல் இருக்க என் பையைக் காலி செய்து அடியில் வைத்தோம். நேகி சாப் என் முடிச்சைப் பார்த்தார். அவிழ்க்கவில்லை. இறங்கினேன். சுரேஷ் பழைய பனியின் மேல் ஒருக்களித்துக் கிடந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது, வயிறு கல் மாதிரி இறுகியிருந்தது. நினைவு இருந்தது.

“யாரு? ஆரணி சாரா?” என்றான். “கல்ல பாத்துகினேதான் சார் வந்தேன். கரெக்டாதான் வந்தேன்.”

“பேசாத. தெம்பு வேணும் உனக்கு.”

“சுகந்திகிட்ட எதுவும் சொல்லாதீங்க. அது ரொம்ப பயப்படும்.”

காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, படுக்கைக்குள் நுழைத்து, தூக்கில் பிணைத்தேன். மேலேயிருந்து இழுத்தார்கள். பாறையில் இடிக்காமல் இருக்க நான் அடியில் முதுகைக் கொடுத்து ஏறினேன். மேட்டின் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தோம். தலைப்பக்கம் பூரண். அவன் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி சுரேஷுக்குப் போட்டிருந்தான். தனக்குத் தெரியாத மொழிக்காரனிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். புல்வெளி தெரியும் இடத்துக்கு வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டான். நான் திரும்பிப் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் இயக்குநர் வந்தார், கல் வீடு வரை. தட்டைக்கு ஏறிப் பார்க்கச் சொன்னேன். மேலே பனி விழுகிறது, பாதுகாப்பு இல்லை என்றார். விசாரணையைக் கல் வீட்டுக்குள்ளேயே வைத்தார். இரண்டு மொழியும் தெரிந்தவன் நான் ஒருவன், அதனால் நான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார்.

கம்பெனி வழிகாட்டி, குறிகளைப் பார்த்துத்தான் எல்லோரும் வந்தோம் என்றான். கமலக்கண்ணன், “கல்லு இருந்த வழியாத்தான் எங்க மச்சான் போயிருக்காரு. கல்லு தப்பா இருந்தா அவரு இன்னா பண்ணுவாரு?” என்றான். அதை அப்படியே இந்தியில் சொன்னேன்.

இயக்குநர் பூரணைப் பார்த்தார். “வழிக்குக் கல் வைப்பது யார்?”

“நான், சாப். ஆனால் அங்கே இருந்த கல் என்னுடையது இல்லை.”

“நீ வைக்காமல் கல் தானாக ஏறிக்கொண்டதா?”

நான் குறுக்கே புகுந்தேன். எங்கள் பக்கம் மலை வழியில் இப்படிக் கல் அடுக்குவார்கள், வீடு வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள், இவர்கள் போனில் போட்டோ இருக்கும், வாங்கிப் பாருங்கள் என்றேன். துக்கத்தில் இருப்பவர்களின் போனைப் பிடுங்கச் சொல்கிறாயா என்றார். மொழிபெயர்ப்பது மட்டும்தான் உன் வேலை என்றார்.

“இன்னா சொல்றீங்க அவர்கிட்ட?” என்று கேட்டான் கமலக்கண்ணன். சொன்னேன். எழுந்துவிட்டான். “யோவ், ஊர்க்காரன்னு கட்டிப் பிடிச்சேனேயா. எழவு வுழுந்த இடத்துல எங்க மேலயே பழி போடுறியா?”

மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகந்தி அப்போது பேசினாள்.

“அண்ணா, அது நாங்க வெச்ச கல்லுதான். நீங்க வெக்காதீங்கன்னு சொன்னீங்க. நாங்கதான் கேக்கல. ‘ஒரு ரூம் போதும், மாடி வெக்காத, லோன் கட்ட முடியாது’ன்னு அவரு சிரிச்சாரு. நான்தான் இன்னொரு கல்ல மேல வெச்சேன். விளிம்புகிட்ட இருந்தது என்னுது. அந்த ஆளு மேல தப்பு இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்க.”

“சுகந்தி, நீ சும்மா இரு” என்றான் அண்ணன். பிறகு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “சார், காலத்துக்கும் அது நெஞ்சுல நிக்கும் சார். உங்க கால்ல வுழறேன், இத மட்டும் சொல்லாதீங்க” என்றான்.

அவனைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. தங்கை மேல் அவனுக்கு இருந்த பாசம் பொய் இல்லை. ஆனால் கதவோரம் பூரண் நின்றிருந்தான். முந்தைய நாள் அவளுடைய புருஷனைச் சுமந்துகொண்டு வந்தவன், தலையில் தொப்பிகூட இல்லாமல். நான் இயக்குநர் பக்கம் திரும்பி, அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மாடி, லோன், விளிம்பு எல்லாவற்றையும்.

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். அப்புறம், “அந்தப் பெண்ணை வெளியே அழைத்துப் போங்கள். கணவனை இழந்தவள், தன்னையே குற்றம் சொல்லத்தான் செய்வாள். அதையெல்லாம் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது, பாவம்” என்றார். பெரிய தருமம் செய்துவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். தருமம் அவருக்கு வசதியாகவும் இருந்தது. கம்பெனி மேல் தப்பு என்றால் வழியை மூட வேண்டும். திறந்துவிட்டவர் பதில் சொல்ல வேண்டும். கூலிக்காரன் மேல் தப்பு என்றால் யாரும் எதையும் மூட வேண்டியதில்லை.

சுகந்தியை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் நேகி சாபைப் பார்த்தேன். பூரண் வைத்த குறிகளைப் பத்துப் பதினைந்து வருடமாக உதைத்துப் பார்த்த கால் அவருடையது. அந்த வரிசையை எங்களோடு நின்று கண்ணால் பார்த்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இயக்குநர்கூட, “நேகி, நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்டார். கேட்டார், அதுதான் எனக்கு ஆறாதது. நேகி சாப் கையில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு, “மேகம் அதிகம் சாப். சரியாகத் தெரியவில்லை” என்றார்.

பூரணை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். இனி மலையில் எந்த வேலைக்கும் வரக் கூடாது என்றார்கள். வெளியே நேகி சாப் தனியாக நின்றிருந்தார். “மேசைக்கு முன்னால் எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியுமே” என்றார். நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர அவரிடம் பேசியதில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் மாலை போட்டார்கள். நான் போடவில்லை.

நான் என் காலம் முடியும் வரை இருந்துவிட்டு ஊருக்கு வந்தேன். பூரணுக்காக நான் பேசாத ஆள் இல்லை. அந்த இயக்குநர் மாறி அடுத்தவர் வந்தார், அவரிடமும் சொன்னேன். முடிந்துபோன விஷயம் என்றார். பூரண் இப்போது சாலை போடும் இடத்தில் கல் உடைக்கிறான். அந்தச் சாலைதான் இப்போது புல்வெளி வரை போகிறது. மலைக்கு வண்டியிலேயே போகலாம் என்று நீங்கள் சந்தோஷப்படுகிறீர்களே, அதே சாலை. குறி வைக்க ஆள் இல்லை, பாறையில் மஞ்சள் பெயின்ட்டில் அம்பு போட்டிருக்கிறார்கள். பனி விழுந்தால் அம்பு எங்கே தெரியும்?

ஆரணியில் கமலக்கண்ணன் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஊர்க்காரனையே காட்டிக்கொடுத்தவன், தாலி அறுத்த பெண் மேல் பழி போட்டவன் என்று கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். சொல்லட்டும். என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று விட்டிருந்தேன், போன மாதம் வரை.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். சுகந்தி வந்தாள். இப்போது தேசூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். வந்தவாசி பஸ்ஸுக்காக நின்றவள் என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள்.

“நல்லா கீறீங்களாண்ணா? அங்க கல்லு வெக்கிறவரு, தொப்பி குடுத்தாரே, அவருக்குத் திரும்ப வேல குடுத்தாங்களா?”

“இல்லம்மா.”

“நீங்க அன்னைக்கி எனக்காக மாத்திச் சொன்னீங்க. நல்லதுக்குத்தான் பண்ணீங்க. ஆனா அந்த மனுஷனுக்கு வேல போயிடுச்சே. நீங்க அப்டி பண்ணியிருக்கக் கூடாதுண்ணா.”

எனக்குப் புரியவில்லை. “யாரு சொன்னது மாத்திச் சொன்னேன்னு?”

“எங்க அண்ணன்தான். நான் பேசினத நீங்க அவருகிட்ட சொல்லவே இல்ல, வேற ஏதோ சொல்லி சமாளிச்சிட்டீங்கன்னு.”

ஊருக்கு ஒரு கதை, தங்கைக்கு ஒரு கதை. இத்தனை வருடமும் அவள், தான் சொன்னது யார் காதுக்கும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னால்தான் பூரண் வேலை போனது என்றும்.

“நான் சொன்னேம்மா. நீ சொன்னத அப்டியே சொன்னேன். மாடி வெச்சத, லோன் பேசினத, எல்லாத்தையும்.”

என் முகத்தையே பார்த்தாள். “அப்டியேவா?”

“அப்டியே.”

“அப்ப அவங்க இன்னா சொன்னாங்க?”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் மாற்றிச் சொன்னவர்கள் போதும். “புருஷன் போன துக்கத்துல பேசுறா, அத எடுத்துக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா” என்றேன்.

வந்தவாசி பஸ் உள்ளே வந்து திரும்பியது. கண்டக்டர் கத்தினான். அவள் நகரவில்லை.

“நான் அன்னைக்கி அழுவக்கூட இல்லையேண்ணா” என்றாள்.